ஞாயிறு இரவு ஒன்பதரை, பாளையங்கோட்டை சர்வர்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மேல் எங்கள் வீட்டு டிவி என் கைக்கு வந்துவிடும். வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. சாப்பாடு முடிந்ததும் டிவிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையை ஆன் செய்து, மவுசையும் கீபோர்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பெங்களூரிலிருந்து ஒருத்தன், சென்னையிலிருந்து ஒருத்தன், ஷார்ஜாவிலிருந்து என் அத்தான், பாளையங்கோட்டையிலிருந்து நான். ஒன்றரை மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் ராக்கெட்டால் துரத்திக்கொண்டிருப்போம். ஆடுவது ஓப்பன் அரினா. குவேக் 3 அரினா என்ற பழைய துப்பாக்கி விளையாட்டின் இன்ஜினை, அதாவது ஆட்டத்தை ஓட்டும் நிரலை, எடுத்துக்கொண்டு, மேப், ஆட்கள், சத்தம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து சேர்த்து, இலவசமாகக் கொடுத்திருக்கும் விளையாட்டு.

கூட வேலை பார்க்கிற ஒருவர் போன வாரம் கேட்டார், "ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கு, இதுல ஆன்லைன் கேம் ஓடுமா, அதுவும் நம்ம ஊர் நெட்ல?" ஓடும். நன்றாகவே ஓடும். எப்படி ஓடுகிறது என்று அவருக்கு டீக்கடையில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர். 2003இல் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் வேலை தேடிக்கொண்டிருந்தார். வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர், எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். பயோடேட்டா அனுப்பப் போகும்போது என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். ஒன்பது மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் அதன் பிறகு மெயிலும் கிடையாது ஒன்றும் கிடையாது, எட்டு கம்ப்யூட்டரிலும் குவேக் 3 தான். அங்கே இருந்த இணைய இணைப்பில் ஒரு மெயில் திறக்கவே அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் ஆட்டம் முழுக்க அந்த அறைக்குள்ளேயே, ஒரு வயரால் இணைத்த எட்டு மெஷினுக்குள்ளேயே நடக்கும். "ஏல, மேல நிக்காம்லே, அவன் குதிக்கதுக்குள்ள போடு!" என்று யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். கண்ணுக்கு முன்னால் சுடப்பட்டவன் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். சரியாகக் குறிபார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தான்தான். ஆள் நிற்கிற இடத்தில் சுடாதே, அவன் கால் வந்து இறங்கப்போகிற தரையில் சுடு என்பார். 2006இல் அவருக்கு விசா வந்தது, ஷார்ஜா போனார், அதோடு அது நின்றுபோனது.

பலகையை நான் வாங்கியது 2023 டிசம்பர் முதல் வாரம். ராஸ்பெர்ரி பை 4, 4 ஜிபி ராம். சிப் பற்றாக்குறைக் காலத்தில் விலை தாறுமாறாக ஏறிக் கிடந்ததால் இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கினேன். வாங்கினதே பழைய விளையாட்டுகளுக்காகத்தான்.

இந்தப் பலகைக்கும் குவேக் 3க்கும் ரொம்பப் பழைய சொந்தம் உண்டு. முதல் பை விற்பனைக்கு வந்தது 2012 பிப்ரவரி 29. அதற்கு முன்பே, 2011 ஆகஸ்டில், சோதனைப் பலகை ஒன்றை அதைச் செய்தவர்கள் வெளியுலகத்துக்குக் காட்டியபோது அதில் ஓடியது குவேக் 3 தான். அப்புறம் 2014இல் அந்தப் பலகையின் கிராபிக்ஸ் சிப்பைப் பற்றிய ஆவணங்களை அதைத் தயாரித்த பிராட்காம் நிறுவனம் வெளியிட்டபோது, திறந்த டிரைவரை (சிப்பை இயக்கும் நிரலை) மட்டும் கொண்டு குவேக் 3ஐ ஆடக்கூடிய வேகத்தில் முதலில் ஓட்டிக் காட்டுபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று பையைச் செய்தவர்கள் அறிவித்தார்கள். சைமன் ஹால் என்பவர் சில வாரங்களிலேயே அதை வென்றார். ஒரு சிப் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த விளையாட்டை உரைகல்லாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கும்.

இது எல்லாம் சாத்தியமானதற்குக் காரணம், டூம், குவேக் என்ற துப்பாக்கி விளையாட்டுகளைச் செய்த, ஐடி சாஃப்ட்வேர் என்ற பெயருள்ள நிறுவனம் எடுத்த ஒரு முடிவு. டூம் 1993 டிசம்பர் 10, குவேக் 1996 ஜூன், குவேக் 3 அரினா 1999 டிசம்பர். ஒவ்வொன்றின் வியாபாரமும் ஓய்ந்த பிறகு அதன் மூல நிரலை அவர்கள் எல்லாருக்கும் திறந்து கொடுத்துவிட்டார்கள். குவேக் 3க்கு அது 2005 ஆகஸ்டில் நடந்தது. நிரல் கையில் இருந்ததால்தான் பிற்பாடு, பையில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப்புக்கும் அதை மாற்றி எழுதிக்கொள்ள முடிந்தது. பூட்டி வைத்திருந்தால் என் டிவிக்குப் பின்னால் இன்றைக்கு எதுவும் ஓடாது. குவேக் 3 வந்த காலத்தில் அது கேட்ட ராம் 64 எம்பி. என் பலகையில் அதைப் போல அறுபது மடங்குக்கு மேல் இருக்கிறது.

நிறுவுவது லேசு. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது, அதன் களஞ்சியத்திலேயே ஓப்பன் அரினா இருக்கிறது, ஒரு வரிக் கட்டளை போதும். அசல் குவேக் 3தான் வேண்டும் என்றால் ஐஓகுவேக்3 என்ற இன்ஜினைப் போட்டு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டின் தரவுக் கோப்பை அதில் வைக்க வேண்டும், அந்தக் கோப்பு இலவசம் கிடையாது. நான் 720 என்ற திரை அளவில் ஆடுகிறேன். பிரேம் உச்சவரம்பை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, 125 என்று வைத்திருக்கிறேன், பெரும்பாலும் தொட்டுவிடுகிறது, நாலு பேரும் ஒரே இடத்தில் வெடி போட்டால் 90 பக்கம் இறங்கும். ஏன் 125 என்று கேட்டால், இந்த இன்ஜின் வேகக் கணக்கை ஒவ்வொரு பிரேமிலும் முழு எண்ணாக்குகிற விதத்தால் 125இல் குதிப்பவருக்கு ஒரு பொட்டு உயரம் கூடக் கிடைக்கும். அத்தானுக்கு இது வண்ணார்பேட்டையிலேயே தெரியும்.

சிரமப்பட்டது வேறு இடங்களில். வீட்டில் கிடந்த போன் சார்ஜரைச் செருகினேன், ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமெல்லாம் திரையின் மூலையில் ஒரு மின்னல் குறி வந்து வேகம் சடாரென்று குறைந்தது. மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தர வேண்டும். அதற்கென்றே உள்ள அடாப்டரை வாங்கிய அன்று மின்னல் போய்விட்டது. அடுத்தது மவுஸ். திரும்பினால் ஒரு கணம் கழித்துத் திரும்புகிற மாதிரி, சேற்றில் கை வைத்த மாதிரி இருந்தது. துவக்கக் கோப்பான சிஎம்டிலைன் கோப்பில், இருக்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு யுஎஸ்பிஎச்ஐடி புள்ளி மவுஸ்போல் சமம் 0 என்று சேர்த்தால் (ஆங்கில எழுத்தில்தான், புது வரியில் போடக் கூடாது) மவுஸ் தன் முழு வேகத்தில் தகவல் அனுப்பும். அதோடு டிவியில் கேம் மோடு போட்டுவிடுங்கள். படத்தை அழகுபடுத்துகிறேன் என்று டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் ஆட்டத்தையே கெடுத்துவிடும், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நெட் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சூடு எனக்குத் தெரியவந்தது சித்திரையில். நம்ம ஊர் கத்திரி வெயிலில் இரவு பத்து மணிக்கும் சுவர் அனல் அடிக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பலகை 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திறந்த பெட்டி, ஒரு ஹீட் சிங்க், சின்ன ஃபேன், இவ்வளவு வைத்தேன், இப்போது 60ஐ ஒட்டியே நிற்கிறது.

ஆனால் அந்தச் சித்திரைக்கு முன்னால் டிசம்பர் வெள்ளம் வந்தது.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி வந்தது. அத்தை வீடு சிந்துபூந்துறையில். தண்ணீர் வாசற்படி ஏறுவதற்குள் அத்தையும் அக்காவும் (அத்தானின் மனைவி) இரண்டு பிள்ளைகளும் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கரண்ட் இரண்டு நாள் இல்லை. கரண்ட் வந்த பிறகும் நெட் வரவில்லை, போனில் சிக்னல் வந்து வந்து போனது. அத்தானிடம் ஒரு தடவை "எல்லாரும் பத்திரமா இருக்கோம்" என்று சொன்னதோடு சரி. பெரியவர்கள் எல்லாரும் வீட்டைப் பற்றியும் தண்ணீர் எப்போது இறங்கும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இரண்டும் ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தன. பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்குப் பத்து.

பலகையை டிவியில் மாட்டினேன். பழைய லேப்டாப் ஒன்றிலும் ஓப்பன் அரினா ஏற்கனவே போட்டு வைத்திருந்தேன். நெட் இல்லை என்றாலும் ரவுட்டர் உயிரோடுதானே இருக்கிறது, இரண்டையும் அதில் வயர் போட்டு இணைத்தேன். ரத்தம் தெறிப்பது, உடல் சிதறுவது இரண்டையும் அமைப்பில் அணைத்துவிட்டேன், அதற்கு இந்த விளையாட்டில் வழி உண்டு, பிள்ளைகளோடு ஆடுபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது என்று நினைக்கிறேன். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். சின்னவள் மேலே ஏறி நின்றுகொண்டு கீழே இறங்கவே மாட்டாள். "மாமா, அவன் எங்க வந்து விழுவான்னு சொல்லுங்க" என்பாள். அவள் அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன், கால் இறங்கப்போகிற தரையில் சுடு என்று. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

நெட் வந்த அன்று வீடியோ கால். அத்தான் வீட்டைப் பற்றிக் கேட்டு, அத்தையைப் பார்த்து, அழுது, எல்லாம் முடிந்த பிறகு பெரியவன் போனைப் பிடுங்கி, "அப்பா, மாமா வீட்டு டிவியில நாங்க ராக்கெட் சண்டை போட்டோம்" என்றான். போன் என் பக்கம் திரும்பியது. "மாப்ள, அந்த கேமா? இன்னும் இருக்கா அது?" என்றார் அத்தான். அந்த ஞாயிறே அவர் தன் லேப்டாப்பில் ஏற்றிவிட்டார். இப்படித்தான் இது இணையத்துக்குப் போனது.

முதலில் பொது சர்வர்களில், அதாவது எல்லாரையும் இணைத்து ஆட்டத்தை நடத்தும் பொதுக் கம்ப்யூட்டர்களில், ஆடினோம். இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பாளையங்கோட்டையிலிருந்து ஜெர்மனி நேர்கோட்டில் எட்டாயிரம் கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வரவே 80 மில்லிவிநாடி ஆகும், கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. எனக்குப் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், 170, 180 மில்லிவிநாடி காட்டும். எந்தப் பெரிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் இந்த எண் குறையாது. இதே எண் என்னுடைய பலகைக்கும், லட்ச ரூபாய் மெஷின் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்றுதான்.

ஆனால் 180 பிங்கிலும் இந்த விளையாட்டு ஆட முடிகிறது என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். டூம் வந்தபோது எல்லா மெஷினும் ஒவ்வொரு அடியிலும் ஒன்றுக்கொன்று காத்திருந்து சேர்ந்தே நகர வேண்டும், ஒருவர் தாமதித்தால் எல்லாரும் நிற்க வேண்டும். வீட்டுக்குள் ஆட அது போதும். குவேக் 1996இல் வந்தபோது ஒரு சர்வரிடம் எல்லாரும் பேசினார்கள், ஆனால் டெலிபோன் வயர் வழியாக மோடத்தில் ஆடியவர்களுக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் அது சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் கால் நகரும். அதே வருஷம் டிசம்பரில் ஜான் கார்மாக் குவேக்வேர்ல்டைக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தியதும் என் மெஷினே என்னை நகர்த்திக் காட்டிவிடும், பிறகு சர்வரிலிருந்து வரும் கணக்கோடு ஒத்துப் பார்த்து, பிசகு இருந்தால் திருத்திக்கொள்ளும். இன்றைக்குப் பிள்ளைகள் போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகள் வரைக்கும் இதே யோசனைதான்.

குவேக் 3இல் இன்னொன்று செய்தார்கள். சர்வர் வழக்கமாக விநாடிக்கு 20 தடவை உலகத்தின் நிலையை அனுப்பும். ஒவ்வொரு தடவையும் முழுசையும் அனுப்பாது. பால்காரர் அட்டையைப் போலத்தான். கடைசியாக நீங்கள் பார்த்துச் சரி என்று ஒத்துக்கொண்ட வரியிலிருந்து இப்போது என்ன மாறியிருக்கிறதோ அதை மட்டும் அனுப்பும். நடுவில் ஒரு சீட்டு தொலைந்தால் அதைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை, அடுத்த சீட்டு நீங்கள் கடைசியாக ஒத்துக்கொண்ட நிலையிலிருந்தே கணக்குச் சொல்லிவிடும். அதனால்தான் நெட் ஒரு கணம் தடுக்கினாலும் ஆட்டம் உடனே நிமிர்ந்துவிடுகிறது. அமைப்பில் ரேட் என்று ஒரு எண் இருக்கும், விநாடிக்கு எத்தனை பைட் வரை சர்வர் அனுப்பலாம் என்பது அது. 28.8 மோடத்துக்கு 2,500 பைட், 56 மோடத்துக்கு 4,000, கேபிளுக்கு 25,000. அந்தக் கடைசி எண்ணிலேயே ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலும் 90 எம்பிதான். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடியிருக்கிறேன், அன்றைய டேட்டா பாக்கில் அது கணக்கிலேயே வரவில்லை.

ஓப்பன் அரினாவில் அன்லேக்டு என்ற வசதியும் சேர்ந்தே வருகிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யார் எங்கே இருந்தார்கள் என்பதை சர்வர் நினைவில் வைத்திருந்து, நீங்கள் சுட்ட கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தானோ அங்கே பட்டதா என்று பார்க்கும். ரயில்கன் மாதிரி சுட்டவுடன் படுகிற ஆயுதங்களுக்கு மட்டும்தான் இது. ராக்கெட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே அத்தான் சொன்ன தரைக்கணக்குதான்.

இருந்தாலும் நாலு பேரும் இங்கே சுற்றி இருக்க, ஜெர்மனி போய்ச் சண்டை போடுவானேன் என்று தோன்றியது. பழைய பை 3 ஒன்று கிடந்தது, 1 ஜிபி ராம், அதில் ஓப்பன் அரினா சர்வரை மட்டும் போட்டு, திரை எதுவும் இல்லாமல் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியிலிருந்து யாராலும் வர முடியவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு காரணம் புரிந்தது. எங்கள் இணைப்பில் பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே வெளி முகவரி. நம்ம ஊர் வளவு வீடுகள் மாதிரி, தெருவுக்கு ஒரு வாசல், உள்ளே பத்து வீடு. உள்ளே இருப்பவர் வெளியே போய்வரலாம், வெளியிலிருந்து புதிதாக வருபவருக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. நெட் கொடுக்கும் கேபிள் அண்ணாச்சியிடம் கேட்டேன். "தனி ஐபி தானே தம்பி, மாசம் இருநூறு ரூவா கூட ஆகும், பரவால்லயா?" என்றார். பரவாயில்லை. ரவுட்டரில் 27960 போர்ட்டை (இந்த விளையாட்டு பேசும் வாசல் எண்), யுடிபி முறையில், பை 3க்குத் திருப்பிவிட்டதும் கதவு திறந்தது. சர்வருக்குக் கடவுச்சொல் கட்டாயம் போடுங்கள், தெரிந்த முகவரிகளைத் தவிர மற்றதை ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். இந்த வகைப் பழைய சர்வர்களைப் பிறரைத் தாக்கப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

இப்போது பெங்களூர்க்காரனுக்குப் பிங் 25, சென்னைக்காரனுக்கு அதை ஒட்டி, மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அத்தானுக்கு 75. எனக்கு 1. சர்வர் என் வீட்டில் இருப்பதால் எனக்குக் கிடைக்கிற இந்த வசதி நியாயமில்லை, அதை நானே சொல்லிவிட்டேன். பொங்கல் லீவில் மட்டும் மும்பையில் ஒரு சின்ன சர்வரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எல்லாருக்கும் ஓரளவு சமமாக இருக்கிற மாதிரி வைத்து, மாலை முழுக்க ஆடுகிறோம். முடிந்தவரை வைஃபையைத் தவிர்த்து வயரில் ஆடுங்கள். லேகோமீட்டர் என்று திரையின் ஓரத்தில் ஒரு வரைபடம் வரவைக்கலாம், கீழே பச்சையாக ஓடினால் எல்லாம் ஒழுங்காக வருகிறது, சிவப்புக் கோடு விழுந்தால் சீட்டு தொலைகிறது. பெங்களூர்க்காரன் வைஃபையில் இருந்தவரை அவனுக்குச் சிவப்பு விழாத நிமிஷம் இல்லை, பத்து மீட்டர் வயர் வாங்கியதோடு நின்றது.

ஆடி மாதம் காற்றடிக்கும்போது எங்கள் தெருவில் கரண்ட் போவது வழக்கம். பை 4 முழு வேகத்தில் ஓடினாலும் பத்து வாட்டைத் தாண்டாது என்பதால் இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை, டிவியும் அதிலேயே ஓடும், ரவுட்டருக்கும் பை 3க்கும் ஒரு சின்ன யுபிஎஸ். போன ஆடியில் ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போய், வெளியே மரம் ஆடுகிற சத்தமும் இடியும். போனில் குரூப் கால் போட்டுப் பேசிக்கொண்டேதான் ஆடுவோம். "மாப்ள, அங்க மழையா? இடிச் சத்தம் கேக்கே!" என்றார் அத்தான். கொஞ்ச நேரம் அவர் ஆள் அசையவே இல்லை. "போனை ஜன்னல் பக்கம் வைங்க" என்றார். வைத்தேன். நாலு பேரும் சுடாமல் நின்றோம்.

சரி, எங்கள் வழக்கம் ஒன்று, ஒரு வாரம் கடைசியில் வந்தவர் அடுத்த வாரம் மேப் தேர்ந்தெடுக்கலாம். போன வாரம் கடைசி அத்தான். அதனால் இந்த ஞாயிறு ராக்டிஎம்17 தான், வெட்டவெளியில் மேடைகள் மிதக்குமே அது. கீழே விழுந்தால் போயிற்று. அந்த மேப்பில் அவரை ஜெயித்தவர் எங்களில் யாரும் இல்லை. இந்தத் தடவை அவர் மகனையும் என் பக்கத்தில் உட்காரவைத்து, லேப்டாப்பில் அஞ்சாவது ஆளாகச் சேர்க்கப்போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.